காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்கு நான் திருடனா?

ஞாயிற்றுக்கிழமை ஓர் இசை நிறுவனத்துக்காரர் நேரலையில் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அதைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். மூன்று நாள் ஆறப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நான் வாங்கின சிடியில இருக்கிற பாட்டை என் போன்ல போட்டுக் கேட்டா தப்பா சார்?" அவர் சிரித்துக்கொண்டே, "சின்னத் திருட்டும் திருட்டுதான் தம்பி" என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கீழே வரிசையாக இதயங்கள். அதில் நாலைந்து பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். அவர் சொன்னதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

நிதானமாகவே சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கிய பாட்டை, நான் கேட்பதற்காக, என்னுடைய ஒரு கருவியிலிருந்து என்னுடைய இன்னொரு கருவிக்கு மாற்றுவது திருட்டு இல்லை. திருட்டு என்றால் ஒருவரிடம் இருந்த பொருள் போக வேண்டும், இல்லை அவருக்கு வர வேண்டியது வராமல் நிற்க வேண்டும். என் சிடியை நான் பிரதி எடுத்த அன்றைக்கு யாருக்கு எது நின்றது? அதே பாட்டை நான் மறுபடி வாங்கியிருக்க வேண்டும் என்கிறீர்களா? ரெக்கார்டாக ஒரு தடவை, கேசட்டாக ஒரு தடவை, சிடியாக ஒரு தடவை. எத்தனை தடவைதான் வாங்குவது?

அப்பாவின் கேசட்டுகள் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் கடையில் வாங்கியவை, ஒன்றுகூடப் பதிவு செய்து வாங்கியதில்லை. அட்டையின் உள்பக்கம் வாங்கிய தேதியைப் பச்சை மையில் எழுதிவைப்பார். அவர் போன பிறகு ஒருநாள் அம்மா ஒன்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது டேப் சிக்கிக்கொண்டது. கதவைத் திறந்தால் கொத்தாக வெளியே வருகிறது. பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி உள்ளே இழுத்தேன். நாலு விரல் அகலத்துக்குக் கசங்கிப்போயிருந்தது. அந்த இடம் வரும்போது இரண்டு நொடி பாட்டு தண்ணீருக்குள் போய்விட்டு வரும். அன்றைக்கு ராத்திரியே கேசட் பிளேயரிலிருந்து கணினிக்கு ஒயர் கொடுத்துப் பிரதி எடுக்க ஆரம்பித்தேன். இதில் வேகமாக ஓட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. ஒரு பக்கம் 45 நிமிடம் என்றால் 45 நிமிடமும் பக்கத்தில் உட்கார வேண்டும். திருடன் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து திருடுவானா?

"ஸ்ட்ரீமிங்ல எல்லாம் இருக்கே, அப்புறம் எதுக்கு இந்தப் பாடு" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எல்லாம் இல்லை தம்பி. என் பட்டியலில் இருந்த ஒரு பாட்டு ஒருநாள் காலையில் சாம்பல் நிறமாகிக் கிடந்தது. உரிமம் முடிந்துவிட்டதாம். இன்னொரு பாட்டுக்குப் புது மெருகு கொடுத்திருக்கிறார்கள், எனக்குத் தெரிந்த பாட்டு அது இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் இணையக் கடை ஒன்றில் முறையாகக் காசு கட்டிப் பாட்டுகளை வாங்கினேன், கடை சாவி கொடுத்தால்தான் திறக்கும் பூட்டுப் போட்ட கோப்புகள். கணினி மாற்றினேன். கடை மூடியிருந்தது. சாவி கொடுக்க ஆள் இல்லை, என் பாட்டு எனக்கே திறக்கவில்லை. அதற்கு யாரும் திருட்டு என்று பெயர் வைக்கவில்லை.

இசை நிறுவனங்களின் பேச்சை அப்படியே நம்புகிறவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1980களில் பிரிட்டனின் இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம், வீட்டில் டேப்பில் பதிவு செய்வது இசையைக் கொல்கிறது என்று பிரசாரமே நடத்தியது. கேசட்டையே மண்டையோடாக வரைந்து கீழே இரண்டு எலும்பு. இசை செத்ததா? அதற்குப் பிறகுதான் சிடி வந்து அவர்களுக்குக் கொட்டியது. 2005 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், இணையத்தில் பாட்டுக் கோப்புகளைப் பகிர உதவும் மென்பொருள்களுக்கு எதிராக ஒரு வழக்கு. அதில் இசைத் துறையின் வழக்கறிஞரே, வாங்கிய சிடியைக் கணினியில் ஏற்றி ஐபாட் என்ற பாட்டுக் கருவியில் போட்டுக்கொள்வது முழுக்கச் சட்டபூர்வம், இசை நிறுவனங்களே அப்படித்தான் சொல்லிவருகின்றன என்றார். இந்த வழக்கால் ஐபாடுக்கு ஆபத்து என்று நீதிபதிகள் நினைத்துவிடக் கூடாதே! 2007இல் அங்கேயே வேறொரு வழக்கு. பெரிய நிறுவனம் ஒன்றின் சட்ட அதிகாரி சாட்சி சொல்லும்போது, தனக்காகப் பிரதி எடுப்பவரும் ஒரு பாட்டைத் திருடியவர் என்று சொல்லலாம் என்றார். அவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று பிறகு அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கத்திலிருந்து விளக்கம் வந்தது. ஆனால் அந்த வார்த்தை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்மேல் வந்து விழுந்ததும் அதே வார்த்தைதான்.

2005இல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் செய்ததும் நினைவிருக்கட்டும். பிரதி எடுப்பதைத் தடுக்கிறோம் என்று 50க்கும் மேற்பட்ட ஆல்பங்களின் சிடிக்குள் ஒரு மறைவு மென்பொருளை வைத்து விற்றார்கள். கடையில் வாங்கிக் கணினியில் போட்டவர் கணினிக்குள் அது சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. வைரஸ்கள் ஒளிந்துகொள்ள இடமும் கொடுத்தது. ஓசியில் இறக்கிக் கேட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை, காசு கொடுத்தவருக்குத்தான் தண்டனை. எதிர்ப்பு வந்த பிறகுதான் சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள்.

"அப்போ கலைஞன் பட்டினி கிடக்கட்டுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதை நான் தள்ளமாட்டேன். ஜெர்மனியில் 1965லேயே இதற்கு வழி கண்டார்கள். பதிவுக் கருவி விலையிலேயே ஒரு சிறு கட்டணம், அது உரிமையாளர்களுக்குப் போகும், வீட்டில் பிரதி எடுப்பவரை யாரும் திருடன் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் 2014 அக்டோபரில் சொந்தப் பிரதியைச் சட்டம் அனுமதித்தது, அடுத்த ஜூலையிலேயே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்குப் போட்டவர்களில் இசைக்கலைஞர்கள் சங்கமும் உண்டு, மறைக்கவில்லை. அவர்கள் கேட்டது இழப்பீடு. கேட்கட்டும். அந்தக் கட்டணத்தை வையுங்கள், கொடுக்கிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவே சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை மீறல் இல்லை என்கிறது. இதெல்லாம் அந்த நேரலையில் பேசியவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"நண்பர்களுக்கும் கொடுப்பியே, அது?" ஆமாம், கொடுத்திருக்கிறேன். கடைகளில் எங்கும் கிடைக்காத ஒரு தொகுப்பை இரண்டு பேருக்குக் கொடுத்தேன். அது சரியா என்று கேட்டால், கிடைக்காததைத்தான் கொடுத்தேன் என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, அப்பாவின் அட்டையைக் கையில் வைத்துப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று பென்டிரைவை நீட்டியவர். ஞாயிற்றுக்கிழமை முதல் இதயம் அவருடையது. பெயர் சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும்.

அந்தக் கசங்கிய இடம் பிரதியிலும் அப்படியே இருக்கிறது. சரிசெய்யும் மென்பொருள் இருக்கிறது, நான்தான் தொடவில்லை. அதே பாட்டை வேறெங்காவது கேட்டால் அம்மா அந்த இடத்தில் ஒரு நொடி தலையைத் தூக்குவார், பாட்டு நேராகப் போய்விடும்.

இன்னும் 16 கேசட் பாக்கி இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி பதினேழாம் எண், இரண்டு பக்கமும்.