அந்த டயர் படத்தை மாற்றி வரையலாமே

கருந்துளையைச் சுற்றிக் கொழுத்த டயர் மாதிரி ஒரு தூசி வளையம், மேலும் கீழும் ஒளி பாயும் திறப்பு. செயல்படும் கேலக்ஸி மையங்கள், அதாவது நடுவிலுள்ள பெரும் கருந்துளை பொருளை விழுங்குவதால் பிரகாசிக்கும் மையங்கள் பற்றி எதைப் படித்தாலும் இந்தப் படம்தான் வருகிறது. நானும் பல வருடங்கள் இதைக் காட்டித்தான் நண்பர்களுக்கு விளக்கியிருக்கிறேன். இப்போது அப்படியே காட்ட மனம் வரவில்லை.

அந்தப் படம் சும்மா பிறந்ததில்லை. 1985-இல் ஆன்டனுச்சி, மில்லர் என்ற வானியலாளர்கள் என்ஜிசி 1068 என்ற கேலக்ஸியின் முனைவாக்கம் பெற்ற ஒளியை (சிதறியதால் ஒரே திசையில் அதிர்வது மிகுந்த ஒளியை) மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். கருந்துளைக்கு அருகில் வேகமாகச் சுழலும் வாயுவின் அடையாளமான, நேராகப் பார்க்கும்போது தெரியாத அகன்ற நிறமாலைக் கோடுகள் அதில் இருந்தன. அதாவது மையம் நம் கண்ணுக்கு மறைந்திருக்கிறது, அதன் ஒளி சிதறி வேறு வழியாக வந்து சேருகிறது. பக்கவாட்டில் பார்த்தால் மறைப்பு, மேலிருந்து பார்த்தால் வெளிச்சம். இதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் மறைக்கிற அந்தத் தூசியின் வடிவத்தை அப்போது யாரும் பார்த்திருக்கவில்லை. தூசி புறஊதா ஒளியை விழுங்கிச் சூடாகி அகச்சிவப்பில் ஒளிரும். சுமார் 1500 கெல்வின் ஆனால் ஆவியாகிவிடும் என்பதால் மையத்துக்கு மிக அருகில் தூசியே இராது. மிச்சமிருப்பதைப் பார்ப்பதும் லேசில்லை. 10 மைக்ரான் அலைநீளத்தில் 8 மீட்டர் தொலைநோக்கிக்கு என்ஜிசி 1068-இல் 60 ஒளியாண்டு அகலம்கூட ஒரே புள்ளிதான். தேடும் தூசியோ பத்து ஒளியாண்டு அளவு.

அதனால்தான் சிலி நாட்டின் பரனால் மலையில் தனித்தனித் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்தார்கள். 2004-இல் அங்கிருந்த மிடி கருவி, 800 கெல்வினுக்கு மேல் கொதிக்கும் உள்தூசியையும் அதைச் சுற்றிய 320 கெல்வின் தூசியையும் பிரித்துக் காட்டியது. வெளியே இருப்பது 47 டிகிரி செல்சியஸ்தான்! கருந்துளைக்கு அவ்வளவு பக்கத்தில் இத்தனை மிதமான வெப்பம் என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்.

அப்புறம் வந்ததுதான் பெரிய திருப்பம். சர்சினஸ் கேலக்ஸியிலும் என்ஜிசி 3783-இலும் நடு அகச்சிவப்பு ஒளியில் பெரும்பகுதி டயர் இருக்கவேண்டிய தளத்திலிருந்து வரவில்லை, அதற்குச் செங்குத்தான துருவத் திசையில் நீண்டு கிடக்கும் தூசியிலிருந்து வந்தது. காலியான திறப்பு என்று நாம் வரைந்த அதே இடம்! மையத்தின் ஒளியழுத்தமே தூசியை மேலே தள்ளிக் காற்றாக வீசுகிறது என்ற விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

டயரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 2022-இல் அதே பரனாலின் மாட்டிஸ் கருவி என்ஜிசி 1068-இன் மையத்தை மறைக்கும் தடித்த தூசியைக் காட்டிவிட்டது. வளையம் இருக்கட்டும், ஆனால் அதிலிருந்து மேலும் கீழும் கிளம்பும் தூசிக் காற்றையும் சேர்த்து வரையுங்கள்.