மஞ்சள் கட்டத்துக்கு என்ன அர்த்தம்?

புள்ளியியல் முடித்துவிட்டு ஆலோசனை வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "ஆர் கத்துக்கணுமா, எஸ்பிஎஸ்எஸ்ஸா மேடம்?" இரண்டும் புள்ளியியல் மென்பொருள்கள்தான், எதையாவது கற்றுக்கொள்ளுங்கள். பிழைப்பு அதில் ஓடுவதில்லை. எதிரே இருப்பவரின் முகம் சுண்டாமல் கேள்வி கேட்கத் தெரியவேண்டும்.

போன வருடம் எம்.எஸ். படிக்கும் ஒரு டாக்டர் எக்செல் தாளோடு வந்தார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் பத்தே நாள். முட்டிவலிக்கு இரண்டு சிகிச்சைகள், குழுவுக்கு 30 பேர், ஆறாவது வாரத்தில் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். "பி வேல்யூ மட்டும் போட்டுக் குடுங்க மேடம், ரெண்டு நிமிஷ வேலைதானே." புதிய சிகிச்சையில் சராசரி 3, பழையதில் 4.2. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டேன், பி வேல்யூ 0.05க்குக் கீழே வந்தது. வித்தியாசம் இருக்கிறது என்று வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எல்லை அது. அவருக்குச் சந்தோஷம்.

ஆனால் எட்டுக் கட்டங்கள் மஞ்சளாக இருந்தன. மென்பொருளுக்கு நிறம் தெரியாது, நமக்குத் தெரியுமே. "இது என்ன டாக்டர்?"

"அவங்க ரிவ்யூவுக்கு வரல மேடம். காலியா விட்டா நல்லா இருக்காதேன்னு சைபர் போட்டேன்."

சைபர் என்றால் வலியே இல்லை என்று அர்த்தம்! எட்டுப் பேரும் புதிய சிகிச்சைக் குழு. அவர்களை எடுத்துவிட்டால் சராசரி 4.1. வித்தியாசம் காணாமல் போனது.

சரி, தூக்கிவிட்டால் தீர்ந்ததா? ஏன் வரவில்லை என்று தெரியவேண்டுமே. போன் போடச் சொன்னேன். ஐந்து பேர் எடுத்தார்கள். மூவர் "வலி விட்டுப்போச்சு, அப்புறம் எதுக்கு வரணும்" என்றார்கள். இருவர் ஊசிக்குப் பயந்து வேறு வைத்தியரிடம் போயிருந்தார்கள். எல்லாவற்றையும் அப்படியே எழுதச் சொன்னேன். வழிகாட்டிக்கு வருத்தம்தான், ஆய்வேடு தேறிவிட்டது.

பரிசோதனை முடிந்தபின் புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனைக்கு வருவது மாதிரி என்று புள்ளியியல் மேதை ஃபிஷர் 1938இல் சொன்னார். என் மேசைக்கு இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. "60 பேர்தான் கிடைச்சாங்க, 60 வர்ற மாதிரி சாம்பிள் சைஸ் போடுங்க" என்பார்கள். எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும் 4பிக்யூ/டி² சூத்திரத்தில் பி என்பது எதிர்பார்க்கும் சதவீதம், க்யூ நூறில் மீதி, டி நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை. பி 50, டி 10 என்றால் 100 பேர் வேண்டும். 60 வரவைக்க டி 12.9 ஆகவேண்டும். ஆய்வு தொடங்குமுன் 12.9 என்று எந்த மனுஷன் முடிவு பண்ணுவான்? முடியாது என்று சொல்லப் பழகுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

கட்டணத்தையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதில் நானே இன்னும் தேறவில்லை. அந்த எட்டு மஞ்சள் கட்டங்களுக்கு எனக்குக் கிடைத்தது அரைக்கிலோ திருநெல்வேலி அல்வா.