அது என் மகளின் சாப்பாடு

என் மகளுக்காக எடுத்து ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வைத்த தாய்ப்பாலை, ஒரு புகாரின் பேரில் கொட்டிவிட்ட விவகாரத்தைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முந்தாநாள் ஆத்திரத்தில் போட்ட நாலு வரிப் பதிவையும் எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் அதன் கீழே வந்து விழுந்த கமெண்டுகளையும், இன்பாக்ஸில் வந்த புத்திமதிகளையும், நேற்று சாயங்காலம் ஆபீஸில் எல்லோருக்கும் போன மெயிலையும் படித்த பிறகு மனசு கேட்கவில்லை. "பேன்ட்ரி ஃப்ரிட்ஜில் உணவுப் பொருட்களை மட்டும் வைக்கவும்" என்கிறது அந்த மெயில். என் பெயர் அதில் இல்லை. யாரைச் சொல்கிறார்கள் என்று எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

உணவுப் பொருள் மட்டும்தான் வைக்கணும் என்றால் நான் சரியாகத்தான் வைத்தேன். அது சாப்பாடு. ஏழு மாதக் கைக்குழந்தையின் சாப்பாடு. இப்போதுதான் ராகிக் கூழ் இரண்டு ஸ்பூன் பழக்குகிறோம், அதிலும் பாதி சட்டையில்தான் வழிகிறது. அவள் வயிறு நிறைவது அந்தப் பாலில்தான்.

ஆளுக்கொரு விதமாகப் பேசுவதால் செவ்வாய்க்கிழமை நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். காலை 11 மணிக்கு எடுத்தது 90 மில்லி, மதியம் 2 மணிக்கு எடுத்தது 70. இரண்டு பாட்டில். மூடியை இறுக்கி, பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் என் பெயர், தேதி, நேரம் எழுதி, ஜிப் போட்ட நீலப் பைக்குள் போட்டு, கீழ்த்தட்டில் ஓரமாக வைத்தேன். பக்கத்தில் யாருடையதோ மீன் குழம்பு டப்பா, மூடி சரியாக மூடாமல் எண்ணெய் வழிந்திருந்தது. அதைப் பற்றி யாரும் புகார் கொடுக்கவில்லை. 5 மணிக்கு மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் பை காலி. பாட்டில் இரண்டையும் கழுவி, டிஷ்யூ பேப்பர் விரித்து, என் கீபோர்டு பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. பிளாஸ்திரி தண்ணீரில் ஊறிப் பாதி பிய்ந்து தொங்கியது. என் பெயரில் முதல் இரண்டு எழுத்து மட்டும் மிச்சம்.

"160 மில்லிதானே மேடம்" என்றார் எச்ஆரில் ஒருவர். அவர் கணக்கில் அது ஒரு டம்ளர்கூட வராது. அந்த 160 எப்படி வருகிறது என்று அவருக்குச் சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஆபீஸ் வரைபடத்தில் 'மதர்ஸ் ரூம்' என்று ஒன்று உண்டு. உள்ளே உடைந்த நாற்காலிகளும் போன தீபாவளிக்குக் கட்டிய தோரணங்களும் கிடக்கின்றன. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் முதல் இரண்டு வாரம் கழிவறையில், கமோடு மூடியின் மேல் உட்கார்ந்து எடுத்தேன். உங்கள் மதியச் சாப்பாட்டை அங்கே உட்கார்ந்து கட்டச் சொன்னால் கட்டுவீர்களா? அப்புறம் ஃபோன் பேசுவதற்கென்று இருக்கிற சின்னக் கண்ணாடி அறைக்கு மாறினேன். துப்பட்டாவைக் கதவிடுக்கில் செருகித் திரை மாதிரித் தொங்கவிட்டு, சுவரைப் பார்த்து உட்காருவேன். பால் எடுக்கிற பம்ப் கிர்ர் என்று இழுக்கும், முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் வராது. பால் ஊறுவது வேறு, இறங்குவது வேறு. ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்தால்தான் இறங்கும். பயமும் பதற்றமும் அதைத் தடுக்கும். யார் வந்து கதவைத் தட்டுவார்களோ என்று நினைத்துக்கொண்டிருந்தால் சொட்டுகூட வராது. அப்போது ஃபோனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொள்வேன். என் அம்மா மகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது தண்ணீர் பட்டதும் மூச்சை இழுத்து ஒரு சத்தம் போடுவாள், அந்த வீடியோ. அதைக் கேட்டதும் மார்பில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு சுருக். பிறகு சொட்டு, பிறகு இழை. 20 நிமிடம். எடுக்காமல் விட்டால் கல் மாதிரிக் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கொண்டுபோய் விடும். அதோடு, எடுக்க எடுக்கத்தான் ஊறும். போன மாதம் மீட்டிங், மீட்டிங் என்று இரண்டு நாள் விட்டேன். 90 வந்த இடத்தில் 50தான் வந்தது. அதைப் பழையபடி கொண்டுவர ஒரு வாரம் ராத்திரி 3 மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன்.

அந்தப் பாலைத்தான் சிங்க்கில் ஊற்றினார்கள்.

அன்றைக்கு பெங்களூர் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வீடு சேர எட்டு மணி. அம்மாவிடம் சொன்னதும் முதலில் கேட்டது, "சாக்கடையிலயா ஊத்துனாங்க?" தாய்ப்பாலைக் கண்ட இடத்தில் ஊற்றக் கூடாது, மீந்தால் செடிக்குத்தான் ஊற்றணும் என்பார் அம்மா. அதை நான் நம்புகிறேனா என்பது வேறு விஷயம். தருமபுரியிலிருந்து வந்த புதிதில் இந்தப் பம்பே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, "எடுத்து வச்ச பாலு பிள்ளைக்கு ஆவாதுடி" என்று ஒரு வாரம் சண்டை. இப்போது என்னைவிட அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியும். ஃப்ரிட்ஜில் வைத்த பாலில் கொழுப்பு மேலே தனியாகப் படிந்து நிற்கும். பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, மெதுவாகச் சுழற்றிக் கலந்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். அவள் ரப்பர் நிப்பிளை வாயில் வாங்க மாட்டாள், அதனால் பாலாடைக் கிண்ணத்தில்தான் புகட்டுவார். எந்த நேரத்துக்கு எவ்வளவு என்று தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைப்பார். புதன்கிழமைத் தாளில் மதியத்துக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் இருந்தது.

சரி, அறிவுரை சொன்னவர்களுக்கு வருகிறேன்.

"உடம்பிலிருந்து வருவது, மற்றவர்கள் சாப்பாட்டோடு எப்படி வைக்கலாம்?" நீங்கள் காபிக்கு ஊற்றுகிற பாலும் ஒரு உடம்பிலிருந்து வருவதுதான். தாய்ப்பால் தனியாகக் கையாள வேண்டிய உடல் திரவம் கிடையாது, வேலையிடத்து ஃப்ரிட்ஜில் மற்ற உணவோடு வைக்கலாம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லியிருக்கிறது. அவ்வளவு தூரம் ஏன் போகணும்? மும்பை சயான் மருத்துவமனையில் 1989லேயே தாய்ப்பால் வங்கி தொடங்கினார்கள், ஆசியாவிலேயே முதல் வங்கி அது. அங்கே பாலைப் பதப்படுத்தி, குளிரில் பாதுகாத்து, குறைமாதத்தில் பிறந்த ஊரார் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அங்கே அது மருந்துக்குச் சமம். எங்கள் மாடியில் அசிங்கமா?

"ஐஸ் பை வைத்துக்கொள்ளலாமே?" இது நியாயமான கேள்வி, கேட்டவருக்கு நன்றி. உறைந்த ஐஸ் பேக்கோடு நல்ல பையில் 24 மணி நேரம்கூடத் தாங்கும் என்கிறார்கள். ஆனால் காலை ஏழரைக்கு நான் எடுத்துவரும் ஐஸ் பேக் மூன்று மணிக்கே தண்ணீராகிவிடுகிறது. திரும்ப உறைய வைக்க ஃப்ரீசர் வேண்டும், அதுவும் அதே ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. வெளியில் வைத்தால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையிலேயே 4 மணி நேரம்தான் கணக்கு. 11 மணிப் பால் வீடு போய்ச் சேர ராத்திரி எட்டு.

"26 வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்தார்களே, இன்னும் என்ன?" 2017ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 ஆக்கியதற்கு நன்றியோடுதான் இருக்கிறேன். எனக்குக் கடைசியில் பிரஷர் ஏறியதால் பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்பே லீவில் போனேன். மிச்சம் 23 வாரம். ஐந்து மாதத்தைக் கொஞ்சம் தாண்டும். முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம், இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லீவு முடிந்த அன்றைக்கே குழந்தைக்குப் பசி நின்றுவிடாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் தினம் நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் அதே திருத்தத்தில் வந்தது. எங்களுக்கும் ஒரு காப்பகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, ஆபீஸிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி. அவுட்டர் ரிங் ரோட்டில் நாலு முறை போய் வந்தால் நான் வேலை செய்வது எப்போது?

"ஃபார்முலா பால்பவுடர் கொடு." கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், என் தோழியின் மகன் அதில்தான் வளர்ந்தான், நன்றாக இருக்கிறான். அவளை ஒருவரும் ஏன் என்று கேட்கக் கூடாது. என்னையும்தான்.

"வேலையை விட வேண்டியதுதானே." இதைச் சொன்னது எனக்கு முறையில் சித்தப்பா. நான் முதல் வகுப்பில் தேறியபோது ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தவர். வாடகையில் பாதி என் சம்பளம் என்று பதில் எழுதினேன், அழித்துவிட்டேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும் சித்தப்பா. ஒன்பது வருடமாகச் செய்கிறேன், நன்றாகச் செய்கிறேன். பிள்ளையையும் பிடிக்கும். இரண்டையும் வைத்துக்கொள்ள நான் கேட்டது ஒரு தாழ்ப்பாளும் ஃப்ரிட்ஜில் ஒரு சாண் இடமும்.

எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். புகார் கொடுத்தது ஒரு பெண். அவளுக்கு மூன்று வயதில் பிள்ளை இருக்கிறான். என் சீமந்தத்துக்கு வந்து வளையல் போட்டுவிட்டுப் போனவள். தினம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவள், என்னிடம் நேரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை மட்டும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

2015ல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்குப் பாலூட்டும் அறை திறந்தார்கள். பூட்டிக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் பஸ் ஏற வருகிற, யாரென்றே தெரியாத ஒருத்திக்கு ஒரு அறை வேண்டும் என்று ஒரு அரசாங்கத்துக்குத் தோன்றியது. மாதச் சம்பளம் கொடுக்கிற இடத்தில் தோன்றவில்லையே.

பாலைச் சிங்க்கில் ஊற்றியது யார் என்றும் சிலர் கேட்டீர்கள். ஊற்றச் சொன்னது மேலே இருக்கிறவர்கள். ஊற்றியது ஹவுஸ்கீப்பிங் அக்கா, திருவண்ணாமலைப் பக்கம். மறுநாள் நான் கண்ணாடி அறையில் இருந்தபோது வெளியே நின்று காத்திருந்து, நான் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "பையைக் காலி பண்ணுன்னாங்க. தொறந்ததுமே வாசனையில தெரிஞ்சிபோச்சும்மா. கையெல்லாம் நடுங்கிச்சி." பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததும் அவர்தான், அப்படியே குப்பையில் போட மனசு வராமல். அவருடைய பெரிய பையன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான். அவன் பிறந்த நாற்பத்தைந்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாராம், வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றானாம் காண்ட்ராக்டர். பால் கட்டி ரவிக்கை நனையும். துடைப்பம் வைக்கும் அறைக்குள் போய்ச் சுவரில் பீய்ச்சிவிட்டு வருவாராம். கடைசியில் அவர் அம்மா மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டிப் பாலை வற்ற வைத்தார். "சிவாஜி நகர் மார்க்கெட்ல ரெண்டு முழம் வாங்கியாந்து கட்டுனாங்க. தலைக்கு வைக்கிற பூவு. இன்னிக்கும் அந்த வாசம் வந்தா எனுக்கு என்னமோ பண்ணும்" என்றார்.

அவரிடம் சொன்னேன். 1961ல் வந்த மகப்பேறு நலச் சட்டத்திலேயே, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினம் இரண்டு இடைவேளை உண்டு, சாப்பாட்டு நேரம் போகத் தனியாக. நேரடியாக வேலைக்கு வைத்தாலும் காண்ட்ராக்டர் மூலம் வைத்தாலும் அதில் வித்தியாசம் கிடையாது. "அப்பவே இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது அக்கா என்றேன்.

என் 160 மில்லிக்காக எழுத ஆரம்பித்தேன், எங்கேயோ வந்து நிற்கிறேன். இருக்கட்டும். நேற்று ராத்திரி அந்த மெயிலுக்கு எல்லோருக்கும் போகிற மாதிரி பதில் போட்டிருக்கிறேன். அந்த அறையைக் காலி செய்து தாழ்ப்பாள் போடுங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு ஒதுக்குங்கள். அந்த அறை ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி பெண்களுக்கும் உண்டு என்று எழுத்தில் கொடுங்கள். பதில் வரும்வரை என் மகளின் சாப்பாடு அதே கீழ்த்தட்டில்தான் இருக்கும்.