ஓவியர் வைக்காத பெயர்

ரோமின் போர்கீஸே காட்சியகத்தில் இருக்கும், வெனிஸ் ஓவியர் டிஷியனின் 'புனிதக் காதலும் உலகியல் காதலும்' ஓவியத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அதிலுள்ள இரு பெண்களில் புனிதமானவள் யார் என்ற கேள்வியைச் சுற்றியே விவாதம் நடக்கிறது. வெண்ணிற ஆடையும் கையுறையும் அணிந்து அடக்கமாக அமர்ந்திருப்பவளையே நம் கண் முதலில் தேர்ந்தெடுக்கும். கலை வரலாற்றறிஞர் எர்வின் பனோஃப்ஸ்கி அதை மறுத்தார். பிளேட்டோவின் நூலுக்கு மறுமலர்ச்சிக்கால இத்தாலியத் தத்துவ அறிஞர் மார்சிலியோ ஃபிசினோ எழுதிய உரையில், காதல் தெய்வமான வீனஸ் விண்ணுலக வீனஸ், மண்ணுலக வீனஸ் என இருவராக வருகிறாள். ஆடையின்றிக் கையில் சுடரை உயர்த்திப் பிடித்திருப்பவளே அந்த விண்ணுலக வீனஸ் என்பது பனோஃப்ஸ்கியின் வாதம்.

இந்த விளக்கத்தின் நயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் விவாதத்தையே இப்படித் திருப்பிவிட்ட அந்தத் தலைப்பு டிஷியன் வைத்ததன்று. 1514ஐ ஒட்டித் தீட்டப்பட்ட ஓவியத்திற்கு அந்தப் பெயர் 1693ஆம் ஆண்டின் பட்டியல் ஒன்றில்தான் வருகிறது. 1613இல் இதைப் பாடிய கவிஞர் ஒருவர், 'அணியற்ற அழகும் அணிசெய்த அழகும்' என்று மட்டுமே சொன்னார். எனக்கென்னவோ அவர்தான் ஓவியத்தை நேராகப் பார்த்தவராகத் தோன்றுகிறது.

இரு பெண்களும் சாய்ந்திருக்கும் கல்தொட்டியின் முகப்பில் நிக்கோலோ அவுரேலியோவின் குலச்சின்னம் செதுக்கப்பட்டுள்ளது. வெனிஸ் அரசின் பதின்மர் மன்றத்துச் செயலாளரான அவர், 1514 மே மாதம் பதுவாவைச் சேர்ந்த லாரா பகரோட்டோ என்ற கைம்பெண்ணை மணந்தார். லாராவின் தந்தையை அரசத் துரோகக் குற்றம் சாட்டி 1509இல் தூக்கிலிட்டதும் அதே வெனிஸ் அரசுதான். இதை அறிந்தபின் ஓவியத்தின் தொன்மச் சின்னங்கள் வேறு கனத்துடன் பேசுகின்றன. ஆடையணிந்தவளின் தலையில் இருப்பது வீனஸுக்கு உரியதும் மணப்பெண்கள் சூடுவதுமான மிர்ட்டில் என்ற நறுமணச் செடியின் மாலை. அந்தத் தொட்டியோ பழைய ரோமானியரின் கல் சவப்பெட்டி வடிவம் கொண்டது. இரு பெண்களுக்கும் நடுவே இருக்கும் வீனஸின் மகன் கியூபிட் அதற்குள் கையை விட்டு நீரை அளைய, குலச்சின்னத்தை ஒட்டிய துளை வழியே நீர் வெளியே வழிகிறது. பிணம் கிடத்தும் பெட்டியை ஊற்றாக மாற்றியதை, தத்துவ நூலைப் புரட்டாமலே அந்த மணமகள் புரிந்துகொண்டிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

அப்படிப் பார்த்தால் இவர்கள் இரண்டு காதல்கள் அல்லர். ஒருத்தி மணப்பெண், மற்றவள் அவளுக்குத் துணையாக வந்த தெய்வம். வீனஸ் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி ஏதோ சொல்ல முனைவதுபோல் இருக்கிறாள். மணப்பெண் அவளைப் பார்க்கவில்லை.