டிரம்பும் உலகத் தலைவர்களும்: அபே காட்டிய வழி

2018 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பேசிய டொனால்ட் டிரம்ப், அமெரிக்க வரலாற்றில் ஏறக்குறைய எந்த ஆட்சியும் செய்யாத அளவுக்குத் தமது ஆட்சி இரண்டே ஆண்டுக்குள் சாதித்துவிட்டது என்று சொன்னபோது, அவையில் சிரிப்பொலி எழுந்தது. 2025 அக்டோபரில் தென்கொரியாவோ தன் மிக உயரிய விருதையும், பழைய சில்லா அரசின் பொற்கிரீடத்தைப் போலச் செய்த நகலையும் அவருக்கு அளித்தது. அவரை வெறுப்பவர்கள் முதல் காட்சியையும் விரும்புபவர்கள் இரண்டாவதையும் எடுத்துக்காட்டி, உலகம் அவரை இப்படித்தான் மதிக்கிறது என்று வாதிடுகிறார்கள். இரு தரப்பினருமே தவறான சான்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

மார்க் ருட்டேயை எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனை விருந்தில், டிரம்பின் நீண்ட செய்தியாளர் சந்திப்பைப் பற்றி கனடாப் பிரதமர் ட்ரூடோ சொல்லச் சொல்லச் சிரித்துக்கொண்டிருந்த தலைவர்களுக்கு நடுவே, நெதர்லாந்துப் பிரதமராக அவரும் நின்றிருந்தார். 2025 ஜூனில் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ இராணுவக் கூட்டணியின் பொதுச்செயலாளராக அவர் அனுப்பிய புகழ்ச்சிச் செய்தியை டிரம்பே பொதுவெளியில் பதிவிட்டார். இடைப்பட்ட காலத்தில் டிரம்பைப் பற்றிய ருட்டேயின் மதிப்பீடு தலைகீழாக மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. மாறியது ஐரோப்பாவின் நிலைமை. 2022 முதல் அந்தக் கண்டத்தில் முழு அளவிலான போர் நடக்கிறது. அமெரிக்க ஆயுதங்களும் உளவுத் தகவல்களும் இல்லாமல் உக்ரைனால் தாக்குப்பிடிப்பது கடினம்.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தவர் அப்போதைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே. டிரம்ப் வெற்றி பெற்ற சில நாள்களிலேயே, 2016 நவம்பர் 17 அன்று, நியூயார்க்கில் அவருடைய வீட்டுக்கே சென்று சந்தித்த முதல் வெளிநாட்டுத் தலைவர் அவர். தங்க நிறக் கோல்ஃப் மட்டை ஒன்றையும் பரிசாகக் கொண்டுபோனார். பிறகு இருவரும் பலமுறை சேர்ந்து கோல்ஃப் ஆடினார்கள். நோபல் அமைதிப் பரிசுக்கு அபே தம்மைப் பரிந்துரைத்ததாக 2019இல் டிரம்ப் சொன்னபோது, ஜப்பான் நாடாளுமன்றத்தில் அதுபற்றிக் கேட்கப்பட்ட அபே அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், அவரை முகத்துதி செய்தவர் என்று எளிதாக ஒதுக்கிவிடலாம். ஆனால், பதவியேற்ற நான்காம் நாளிலேயே டிரம்ப் பசிபிக் வட்டார வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்காவை விலக்கினார். அமெரிக்கா இல்லாத அந்த ஒப்பந்தத்துக்குப் பொருளே இல்லை என்று முன்பு சொல்லியிருந்த அபேயின் அரசுதான், மீதமிருந்த 11 நாடுகளையும் ஒன்றுசேர்க்க முன்னின்று உழைத்தது. 2018 மார்ச் 8 அன்று சிலியின் சாண்டியாகோவில் அந்த நாடுகள் கையெழுத்திட்டன. அமெரிக்காவின் வாக்கை மட்டும் நம்பி இருக்க முடியாது என்ற தம் எண்ணத்தை அபே எந்த மேடையிலும் முழங்கவில்லை. அது அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது.

வெளிப்படையாகப் பேசியவர்கள் இல்லாமல் இல்லை. 2017 மே மாதம் மியூனிக்கில் பேசிய அப்போதைய ஜெர்மன் பிரதமர் ஏங்கலா மெர்க்கல், பிறரை முழுமையாக நம்பியிருந்த காலம் ஓரளவுக்கு முடிந்துவிட்டது என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது டிரம்பின் பெயரை எடுக்கவில்லை. பெயர் சொல்லி எழுதியவர் வாஷிங்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதர் கிம் டாரக். டிரம்பின் நிர்வாகம் திறமையற்றது என்று தம் அரசுக்கு மட்டும் எழுதிய இரகசியக் குறிப்புகள் 2019 ஜூலையில் கசிந்தன. டிரம்ப் அவருடன் இனிப் பேச்சே இல்லை என்று அறிவிக்க, சில நாள்களில் டாரக் பதவி விலகினார். உண்மையை எழுதுவதற்காகவே நியமிக்கப்பட்ட ஒருவர் அதை எழுதியதற்காகப் பதவியிழந்தது எனக்கு இன்றும் வேதனை தருகிறது. அதன் பிறகு மற்ற தூதர்கள் எவ்வளவு தயங்கித் தயங்கி எழுதியிருப்பார்கள்!

புகழ்வதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்பவர்களை நான் ஏற்க மாட்டேன். ஆஸ்திரேலியப் பிரதமர் மால்கம் டர்ன்புல் 2017 ஜனவரியில் தொலைபேசியில் டிரம்பின் சீற்றத்தைக் கேட்டுக்கொண்டே, ஆஸ்திரேலியாவின் பொறுப்பில் இருந்த 1,250 அகதிகள் வரை ஏற்பதாக ஒபாமா அரசு செய்த உடன்பாட்டை விட்டுக்கொடுக்காமல் வலியுறுத்தினார். அமெரிக்கா பின்னர் அகதிகளை ஏற்கவும் செய்தது. மறுபுறம், 2019இல் ஹூஸ்டனிலும் 2020இல் அகமதாபாத்திலும் டிரம்புடன் பெரும் கூட்டங்களில் கைகோத்து நின்ற நரேந்திர மோடியின் இந்தியா மீது 2025 ஆகஸ்டில் 50 சதவீத வரி விழுந்தது. அந்த மாத இறுதியிலேயே மோடி ஏழாண்டுகளுக்குப் பிறகு சீனாவுக்குச் சென்றார். டிரம்பைப் பற்றி டெல்லி என்ன நினைக்கிறது என்பதை ஹூஸ்டன் மேடையைவிட அந்தப் பயணமே தெளிவாகச் சொல்கிறது.

2025 அக்டோபர் இறுதியில் டோக்கியோவுக்கு வந்த டிரம்புக்குப் புதிய பிரதமர் சனே தகாய்ச்சி, மறைந்த அபே பயன்படுத்திய கோல்ஃப் மட்டை ஒன்றைப் பரிசளித்தார். அதற்குச் சில நாள்கள் முன்புதான், பாதுகாப்புச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதமாக உயர்த்தும் இலக்கை இரண்டாண்டு முன்னதாகவே எட்டப்போவதாக அவர் நாடாளுமன்றத்தில் அறிவித்திருந்தார். உலகின் கேமராக்கள் மட்டையைத்தான் படம்பிடித்தன.