நின்றது வாசிப்பு அல்ல, வரத்து
தொலைக்காட்சி வந்ததும் சிவகாசியிலிருந்து வந்த தமிழ் காமிக்ஸ் புத்தகங்களுக்கு வாசகர்கள் இல்லாமல் போனார்கள் என்று, அவற்றைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. மன்னார்குடியில் வளர்ந்த எனக்கு அது பொருந்தவில்லை. 1972-இல் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-இல் வந்த லயன் காமிக்ஸும் பஸ் நிலையப் பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவி மறைந்து உலோகக் கை மட்டும் தெரியுமே, அந்தப் படத்துக்காகவே காசில்லாத நாளிலும் கடை முன் நிற்பேன். தெருவில் டிவி வந்த பிறகும் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தை மூன்று பேர் படித்தோம். வேகமாகப் படிப்பவன் பக்கத்தைத் திருப்பினால் சண்டைதான். பிறகு ஒரு மாதம் புத்தகம் வரும், இரண்டு மாதம் வராது. கேட்டால், "ஏஜென்ட் கட்டு அனுப்பவில்லை தம்பி" என்பார் கடைக்காரர். சந்தா கட்டியிருக்கலாமே என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். குறுவை அறுத்துக் காசு வந்தால்தான் எங்கள் வீட்டில் புதுச்சட்டையே எடுப்பார்கள். பொம்மைப் புத்தகத்துக்கு முன்பணமாக மணியார்டர் அனுப்பக் கேட்டிருந்தால் அப்பா என்னை அந்த வாய்க்காலிலேயே தள்ளியிருப்பார்! 2012-இல் லயன் மறுபடி சுறுசுறுப்பானபோது நான் முதலில் செய்தது சந்தா கட்டியதுதான். அன்று மதகில் உட்கார்ந்த மற்ற இருவரும் கட்டியிருக்கிறார்கள். இப்போது ஆளுக்கொரு பிரதி.