ஏழு சுற்று எல்லாருக்கும் இல்லை

யூத மணப்பெண் மாப்பிள்ளையை ஏழு முறை சுற்றி வருவாள் என்று கட்டுரையில் பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். அது அஷ்கெனாசி, அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபில் வந்த யூதர்களின் வழக்கம். அவர்களிலேயே மூன்று சுற்றோடு நிறுத்துபவர்களும் உண்டு. ஸ்பெயின், போர்ச்சுகல் மரபில் வந்த செபார்டி யூதர்களிடம் சுற்றுவது பொதுவாக இல்லை. அவர்களில் பலர் மணமக்கள் தலைமேல் தாலித் எனும் தொழுகைச் சால்வையை விரிப்பார்கள். (நம் தாலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

மாப்பிள்ளை பெண்ணுக்குப் போடும் மோதிர விஷயத்தில்தான் கவனம் வேண்டும். அது மாப்பிள்ளையின் சொந்தப் பொருளாக இருக்க வேண்டும், இரவல் வாங்கிப் போட்டால் சிக்கல். கல் பதிக்காமல் வெறும் வளையமாக இருப்பதே வழக்கம். கல் இருந்தால் மதிப்பைப் பெண் தப்பாகக் கணித்துவிடலாம், சம்மதமே கேள்விக்குள்ளாகும். சாட்சிகள் இருவர் பார்க்க, வலது கை ஆள்காட்டி விரலில் போடுவார்கள். பிறகு வேறு விரலுக்கு மாற்றிக்கொள்ளலாம். நெருங்கிய உறவினர் சாட்சியாக நின்றால் மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதர்களின் முறைப்படி அந்தச் சாட்சி செல்லாது.